நாணல் பக்கத்து கோல்

மார்ச் 3

வாலு,

என் எண்ணை நீ போனில் பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் பேனாவைப் பிடிக்க வேண்டியதாயிற்று. கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

வந்து சேர்ந்துவிட்டேன். விடுதி கால்பந்து மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. அறையில் இரும்புக் கட்டில், கதவு சரியாக மூடாத அலமாரி, ஒரு ஜன்னல். ஒரு பக்கத்து கோலுக்குப் பின்னால் பார்வையாளர்களுக்கான படிகள். மறுபக்கத்து கோலுக்குப் பின்னால் கம்பி வேலி மட்டும். அதற்கு அப்பால் ஆளை மறைக்கும் உயரத்துக்கு நாணல். நாணலுக்குப் பின்னால் ஏரி இருக்கிறதாம். வந்த நாளிலிருந்து பனிமூட்டம் விலகவில்லை, அதனால் நான் இன்னும் பார்க்கவில்லை.

கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பார். பிறந்த நாட்டு அணியில் எத்தனை காலம் மூன்றாவது கீப்பராக பெஞ்சைத் தேய்த்தேன்? ஒரே ஒரு நட்பு ஆட்டம், அதுவும் கடைசிப் பத்து நிமிடம். அம்மா பிறந்த நாடு என்பதால் இங்கே ஆட எனக்குத் தகுதி இருக்கிறது. இங்கேயும் இதுவரை நட்பு ஆட்டம்தான் பேசியிருக்கிறார்கள். அதெல்லாம் கணக்கில் வராது. தகுதிச் சுற்று மே மாதம். அந்த ஆட்டத்தில் புல்லில் கால் வைத்தால்தான் நான் இந்த நாட்டுக்காரி. அதற்குப் பிறகு நான் விரும்பினாலும் அந்தப் பக்கத்துக் கதவு திறக்காது. இப்போதைக்கு நிச்சயம் ஆன மாதிரி, கல்யாணம் ஆகவில்லை.

இன்னொன்று. இங்கே ஆட்டக்காரர்களின் சட்டை, காலணியெல்லாம் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை உடுப்பம்மா என்கிறார்கள். என்னைப் பார்த்ததும் பெயர்கூடக் கேட்கவில்லை. "வந்துட்டியா? கையக் காட்டு" என்றார். என் உள்ளங்கையில் தன் கையை வைத்துப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு ஜோடிக் கையுறையை எடுத்துக் கொடுத்தார். உனக்குத் தெரியும், என் விரல் நீளத்துக்குக் கடையில் கையுறை கிடைக்காது, சொல்லித்தான் செய்ய வேண்டும். இது கச்சிதமாகப் பொருந்தியது.

"யாருக்காக வாங்கி வெச்சது?" என்று கேட்டேன்.

"இந்த வீட்டுப் பொண்ணு ஒருத்தி எங்கயாவது கைய விரிச்சுக்கிட்டு நின்னுட்டிருப்பா, தேடிப் பாருங்கன்னு சங்கத்துக்காரங்ககிட்ட நான்தான் சொன்னேன்" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே என்று அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அம்மா எப்படி இருக்கிறாள்? என்னைப் பற்றி ஏதாவது?

பல்லி

மார்ச் 14

மாண்புமிகு பல்லி அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. தைரியமிருந்தால் கிழித்திருப்பேன்.

சின்ன வயதில் நீ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பந்தைப் பிடிப்பாய் என்று உனக்குப் பல்லி என்று பெயர் வைத்தேன். உன் பின்னாலேயே சுற்றினேன் என்று எனக்கு வாலு என்று நீ வைத்தாய். பல்லிக்கு ஆபத்து வந்தால் வாலை விட்டுவிட்டு ஓடிவிடும். வால் மட்டும் தரையில் கிடந்து துடிக்கும். பெயர் வைத்தபோது நாம் இதை யோசிக்கவில்லை.

காலையில் கண்ணாடிக் கடைக்குப் போய் ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறேன். மாலையில் வந்தால் முன்னறையில் அம்மா தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து யாருடைய கால்சட்டையையோ குட்டையாக்கிக்கொண்டிருக்கிறாள். உன் பெயரை வாயில் எடுப்பதில்லை. "எங்க வேணும்னாலும் ஆடட்டும், அங்க மட்டும் வேண்டாம்" என்று நீ கிளம்பின அன்று சொன்னதோடு சரி.

ஆனால் போன வாரம் திடீரென்று மிஷினை நிறுத்தினாள். "அங்க இப்போ பனி இறங்கியிருக்குமே" என்றாள். "எந்த கோல்ல நிக்கிறா? படிப் பக்கமா, நாணல் பக்கமா?"

உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது, அவள் பார்க்கவே இல்லை. நாணல் என்று நான் வாய் திறக்கவில்லை. நம் அம்மாவுக்குக் கால்பந்து பற்றி என்ன தெரியும்? நீ ஆடிய ஒரு ஆட்டத்துக்காவது மைதானத்துக்குள் வந்திருக்கிறாளா? வெளியே பேருந்து நிறுத்தத்தில் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கிளம்பும்போது ஒன்று மட்டும் சொல்வாள், ஞாபகமிருக்கிறதா? "பந்து பின்னாடி போனா போகட்டும். நீ எடுக்கப் போகாதே." ஒரு பட்டனைக்கூட வீணாக்காதவள் பந்தை மட்டும் ஏன் போகட்டும் என்கிறாள் என்று சிரிப்போம்.

எந்த கோல் என்று எழுது. அவளுக்காகக் கேட்கவில்லை. எனக்கே தூக்கம் வரவில்லை.

வாலு

மார்ச் 27

வாலு,

நாணல் பக்கம்தான். பயிற்சியில் எப்போதும் அந்தப் பக்கம்தான் என்னை நிறுத்துகிறார்கள். மற்ற கீப்பர்கள் இருவரும் முறை வைத்துப் படிப் பக்கத்தில் நிற்கிறார்கள். நாணல் பக்கம் காலி என்றால் காலியாகவே கிடக்கிறது, யாரும் வருவதில்லை.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சிரிக்காதே. கோலுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கிறது.

முதலில் பந்து பொறுக்கும் பெண் யாராவது இருப்பாள் என்று நினைத்தேன். சிறு பெண்ணின் குரல்தான். ஒருத்தி பந்தை அடிக்க ஓடி வந்தாள். நான் இடது பக்கம் பாயத் தயாராக இருந்தேன். காதுக்குப் பின்னால், "வலது பக்கம் சாஞ்சுக்கோ" என்றது. உடம்பு தானாகச் சாய்ந்தது. பந்து கையில் வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கம்பி வேலி, நாணல், பனி. ஆள் யாரும் இல்லை.

சின்ன வயதில் நாம் குளிக்கும்போது தலைக்குத் தண்ணீர் ஊற்ற அம்மா சொல்வாளே, சாஞ்சுக்கோ, சாஞ்சுக்கோ என்று? அதே இழுப்பு.

சனிக்கிழமை நட்பு ஆட்டம். பெனால்டி கிடைத்தது அவர்களுக்கு. குரல் சொன்னது, சாய்ந்தேன், பிடித்தேன். எல்லோரும் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரி, நாங்கள் மதில் என்று கூப்பிடும் பெரிய உடம்புக்காரி, என் காதருகில் குனிந்து கேட்டாள்: "உனக்கும் கேக்குதா?" நான் பதில் சொல்லும் முன், "பந்து வேலிக்கு அந்தப் பக்கம் போனா விட்டுடு. வேற பந்து தருவாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

உடுப்பம்மாவிடம் போய் நின்றேன். அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். "கோலுக்குப் பின்னாடி யாரு?" என்றேன்.

மடிப்பதை நிறுத்தாமல், "உங்க பெரியம்மா நின்ன கோல் அது. உங்கம்மா சொல்லலையா?" என்றார்.

நமக்குப் பெரியம்மா இருந்தாளா வாலு?

பல்லி

ஏப்ரல் 8

அக்கா,

இருந்தாள்.

நான் நேராகவே கேட்டேன். அம்மா ஒரு ஜிப் பிரித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை, ஜிப்பிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. உன் அக்கா மாதிரியே கை. அவ கோல்ல நிப்பா, நான் பின்னாடி வேலியப் புடிச்சுக்கிட்டு எந்தப் பக்கம்னு கத்துவேன். ஆட்றவங்க காலப் பாத்தா எனக்குத் தெரிஞ்சுடும். நான் சொன்னா அவ சாய்வா. நாட்டுக்கு ஆட எடுத்துட்டாங்க அவள. சட்டைகூடக் குடுத்துட்டாங்க. அடுத்த வாரம் முதல் ஆட்டம். அன்னிக்குப் பயிற்சில பந்து நாணலுக்குள்ள போயிடுச்சு. பனி. எடுத்துட்டு வர்றேன்னு போனா. நான் கூப்பிட்டேன். ம் ம்னு சொன்னா. மறுபடி கூப்பிட்டேன். கொஞ்சம் தள்ளி ம்னா. அப்புறம் இன்னும் தள்ளி. அப்புறம் சொல்லல."

தேடினார்களாம். ஏரியில் வலை போட்டுக்கூடத் தேடினார்களாம். பந்து மட்டும் நாணலுக்கு நடுவில் கிடந்தது. துளி ஈரம் இல்லாமல்.

நான் கேட்டேன், "அப்போ அக்காவுக்குக் கேக்கறது பெரியம்மா குரலாம்மா?"

அப்போதுதான் அம்மா நிமிர்ந்தாள். "இல்ல. அவ எங்க கத்துனா? கத்துனது நான்தான். நாணல விட்டு வரமாட்டேன்னு அழுதேன், இழுத்துக்கிட்டு வந்தாங்க. அது என் குரல்டி. அங்கயே நின்னுடுச்சு."

யோசித்துப் பார் அக்கா, அம்மா சத்தமாகப் பேசி நாம் கேட்டிருக்கிறோமா? மாடியில் இருக்கும் நம்மைக் கூப்பிட, படியேறி வந்து தோளைத் தொடுவாளே?

இன்னொரு செய்தி. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். நேற்று இங்கே உன் பழைய பயிற்சியாளர் கடைக்கே வந்துவிட்டார். முதல் கீப்பருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது, இரண்டாமவள் கர்ப்பம். நீதான் வேண்டும் என்கிறார், பெஞ்சில் இல்லை, கோலில். ஒரே நிபந்தனை, அங்கே அதிகாரபூர்வ ஆட்டம் எதிலும் நீ இறங்கியிருக்கக் கூடாது. நீ கேட்டுக்கொண்டிருந்தது இதுதானே? கிடைத்துவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு

ஏப்ரல் 20

வாலு,

பெட்டி கட்டினேன். பொய் சொல்லவில்லை. இங்குள்ள பயிற்சியாளரின் கதவு வரைக்கும் போனேன். தட்டவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். பேய் பிடித்துவிட்டது என்று எழுதிவிட்டால் எனக்கும் சுலபம், உனக்கும் சுலபம். ஆனால் விஷயம் அது மட்டும் இல்லை. நான் பிறந்து வளர்ந்த தெருவில், பேருந்தில், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு, உனக்கும் அது பழக்கம்தான்: "நீ இந்த ஊரா? நிஜமா எந்த ஊர்?" பிடித்த பந்தைப் பாராட்டிவிட்டுக்கூடக் கேட்பார்கள். உன் கடைக்கு வந்த அந்தப் பயிற்சியாளரும் ஒரு தடவை, "ரெண்டு நாட்டுக்காரி மனசு எந்தப் பக்கம் சாயும்னு யாருக்குத் தெரியும்" என்று என் முன்னாலேயே சொல்லிச் சிரித்தவர்தான். இங்கே யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சில நேரம் கேட்டுவிட்டால் தேவலை என்றிருக்கிறது. எத்தனையோ காலம் பழகியவளைப் போல என்னை வைத்திருக்கிறார்களே என்று ரோமம் சிலிர்க்கிறது. இருந்தாலும் வாலு, வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்தது நீ பயப்படக்கூடாத விஷயம். செவ்வாய்க்கிழமை பயிற்சியில் பந்து என் கைக்கு மேலே பறந்து வேலியைத் தாண்டிவிட்டது. வேலியில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அம்மா சொன்னது, மதில் சொன்னது எல்லாம் ஞாபகத்தில் இருந்தும் கால் போனது. கதவைத் திறந்து ஒரு காலை நாணலுக்குள் வைத்தேன். சேறாக இருக்கும் என்று நினைத்தேன். நல்ல உறுதியான தரை. யாரோ இவ்வளவு நேரம் படுத்திருந்த பாய் போலக் கதகதப்பாக இருந்தது.

அப்போது பந்து திரும்பி வந்தது. காற்றில் உருண்டு வரவில்லை. பனிக்குள்ளிருந்து, தோளுக்கு மேலிருந்து எறிந்த பந்து, நேராக என் நெஞ்சுக்கு. நான் அப்படித்தான் எறிவேன். கீப்பராக இருப்பவள்தான் அப்படி எறிவாள்.

பின்னால் அந்தச் சிறு பெண் குரல், சாஞ்சுக்கோ தவிர வேறெதுவும் சொல்லாத குரல், "போகாதே" என்றது. என்னிடம் சொன்னதா, உள்ளே இருப்பவளிடம் சொன்னதா என்று தெரியவில்லை. காலை எடுத்துக்கொண்டேன்.

பெரியம்மா சட்டையை வாங்கிக்கொண்டு ஆடாமலே போனாள். அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவள் இன்னும் எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறவில்லை. நான் ஆடுகிறேன் வாலு. மே 9. அம்மாவிடம் சொல்லிவிடு.

பல்லி

மே 1

அக்கா,

விடுதிக்குப் போன் செய்தேன். ஆட்டம் முடியும்வரை ஆட்டக்காரர்களின் போனை வாங்கி வைத்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அம்மா வந்தாலும் வந்துவிடுவாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கதகதப்பான தரை வரும்வரை அசையாமல் கேட்டாள். பிறகு எழுந்து மிஷினுக்கு உறை போட்டாள். பாதி தைத்த துணிகளை எல்லாம் கொண்டுபோய் உரியவர்களிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். டிக்கெட் போடச் சொன்னாள்.

"தடுத்து நிறுத்தவா போறே?" என்றேன்.

"எதுக்கு? ஆடட்டும். அவ தனியா நிக்கிறா, அதான் தப்பு."

"எவ, அக்காவா பெரியம்மாவா?"

அவள் பெட்டியில் ஒரு கம்பளிச் சட்டையும் மாத்திரையும் வைத்தாள். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, நம் வீட்டில் நான் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தேன்.

அவள் கையைப் பிடித்துக்கொள். நாணல் பக்கம் விடாதே. நீ ஆடும்போது வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல். இதை மட்டும் செய்.

வாலு

மே 13

வாலு,

அம்மா நாளை கிளம்புகிறாள். அவள் வந்து சேருவதற்கும் இந்தக் கடிதம் வருவதற்கும் சில நாள் முன்பின் ஆகலாம். போனில் சொல்லப் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. எழுதினால் வருகிறது.

அம்மாவுக்குப் படிகளில் நல்ல இடம் வாங்கி வைத்திருந்தேன். அவள் அங்கே போகவே இல்லை. உடுப்பம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நாணல் பக்கத்து கோலுக்குப் பின்னால் போட்டார். யாரும் அவரை ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நரைச்சுட்டே" என்றார் உடுப்பம்மா. அவ்வளவுதான்.

முதல் பாதியில் நான் படிப் பக்கத்தில். நாங்கள் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதிக்குப் பக்கம் மாறி நாணலுக்கு வந்தபோது பனி கெட்டியாகிவிட்டது. மறுமுனை கோல் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து திடீர் திடீரென்று ஆட்கள் முளைத்து வந்தார்கள்.

குரல் கேட்டது. "இடது பக்கம் சாஞ்சுக்கோ." அதை ஒட்டியே இன்னொரு குரல், கரகரவென்று, வயதானது: "இடது பக்கம் சாஞ்சுக்கோ." அம்மா. நாற்காலியில் உட்கார்ந்து வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நம் அம்மா கத்தினாள் வாலு! முதலில் சிறுமி, பிறகு அம்மா. கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி குறைந்தது. ஒரு கார்னர் வந்தபோது இரண்டும் ஒன்றாகக் கேட்டன. அதன் பிறகு ஒரே குரல்தான். எது யாருடையது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அப்போது ஒரு பந்து கம்பத்துக்கு மேலே பறந்து நாணலுக்குள் போனது. வேறு பந்து வர வேண்டும். அந்த இடைவெளியில் அம்மா எழுந்தாள். நான் கோலை விட்டு ஓட முடியுமா? மதிலைப் பார்த்துக் கத்தினேன். அவளும் அசையாமல் நின்றுவிட்டாள். அம்மா வேலிக் கதவைத் திறந்தாள். உள்ளே போகவில்லை. கதவைப் பிடித்தபடி நின்று, கடைக்குப் போன ஆளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள்.

"அக்கா! ஆட்டம் முடியப்போகுது. பந்து கெடக்கட்டும். வீட்டுக்குப் போலாம் வா."

மைதானம் முழுக்கச் சத்தம் நின்றுவிட்டது.

நாணலுக்குள் ரொம்பத் தூரத்தில், "ம்."

அம்மா மறுபடி, "வா."

கொஞ்சம் கிட்டத்தில், "ம்."

அதற்குப் பிறகு மிகக் கிட்டத்தில், கதவுக்கு அந்தப் பக்கமே, "வர்றேன்."

எனக்கு மட்டும் கேட்டிருந்தால் பைத்தியம் என்று விட்டுவிடலாம். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி நாணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரணிப் பெண் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள், ஓர் ஓரமாக, இடம் விட்டு.

சிறிது நேரத்தில் அவர்களுக்குப் பெனால்டி. குரல் வரவில்லை. அம்மாவும் கத்தவில்லை. நானாக இடது பக்கம் பாய்ந்தேன், பந்து வலது பக்கம் போனது. ஒன்றுக்கு ஒன்று, சமன். அந்தக் கோலில் நான் வாங்கிய முதல் பந்து அது. எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யாரும் சொல்லித்தராமல் நானே தவறவிட்ட பந்து. அது என்னுடையது. இந்த நாடும் இனி என்னுடையது, மாற்ற முடியாது.

அம்மாவின் கம்பளிச் சட்டையில், தோளில், ஒரு ஈரத்தடம். உள்ளங்கை, நீள நீளமாக ஐந்து விரல். விடுதி ஹீட்டரில் போட்டும் காயவில்லை.

மறுநாள் பனி விலகிவிட்டது. ஏரியைப் பார்த்தேன். அவ்வளவு சின்னது.

பல்லி

மே 29

அக்கா,

விமான நிலையத்தில் அந்தக் கண்ணாடிக் கதவு இருக்கிறதே, ஆள் வந்தால் தானாகத் திறந்து, போனதும் மூடிக்கொள்வது? அம்மா வெளியே வந்தாள். கதவு மூடவில்லை. அவளுக்குப் பின்னால் யாருமில்லை. அம்மாவும் நடக்காமல் நின்றாள். பிறகு கதவு மூடிக்கொண்டது, அம்மா நடந்தாள். உன் கடிதம் அப்போது இன்னும் வரவில்லை. வந்திருந்தால் நான் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கவே மாட்டேன்.

பின் இருக்கையில் ஏறி ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். நான் டிரைவர் மாதிரி முன்னால்.

அம்மா நன்றாக இருக்கிறாள், பயப்படாதே. நன்றாக என்றால், முன்பு பார்க்காத அளவுக்கு நன்றாக. முன்னறையிலிருந்தே மாடிக்குக் கேட்கும்படி என்னைக் கூப்பிடுகிறாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறாள். எதிர்வீட்டுக்காரர், "உங்க வீட்ல சின்னப் பொண்ணு யாராவது வந்திருக்காளா?" என்று கேட்டார். அம்மாவின் குரல்தான் என்று சொன்னேன். நம்பவில்லை.

மிஷினின் உறையை எடுத்துவிட்டாள். வந்த மறுநாளே நம் நாட்டு அணிச் சட்டையின் நிறத்தில் துணி வாங்கி வரச் சொன்னாள். கீப்பர் சட்டை வெட்டுகிறாள், கை ரொம்ப நீளம். உனக்கு என்று நினைத்து, "அக்காதான் இனிமே இங்க ஆட முடியாதே அம்மா" என்றேன்.

"உங்க அக்கா அங்க ஆடிட்டா, அவளுக்கு முடிஞ்சுது. இவ இன்னும் எங்கயும் ஆடலையே" என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. "இங்க ஆடக்கூடாதுன்னு சட்டம் எதாவது இருக்கா?"

நான் அளவு நாடாவை எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்டத்தை டிவியில் மறுபடி போட்டார்கள். நல்ல வெயில் நேரம், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. நான் சோபாவின் நடுவில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். அம்மா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றாள்.

காலை மடக்கி மறு ஓரத்துக்கு நகர்ந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் குஷன் மெதுவாக அமுங்கியது. அமுங்கி, நின்றது. பட்டன் கண்ணிலிருந்து நூலை இழுத்தபடி அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து ஓடத்தான் நினைத்தேன் அக்கா. ஆனால் பெரியம்மா முதல் தடவையாக நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள், உட்கார்ந்தவுடன் எழுந்து போனால் நன்றாயிருக்காது என்று, ஆட்டம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வாலு